மடித்து வைத்த ஈரம்

மடக்குக் கத்தியை வேலை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. வேலை முடிந்ததும் துடைக்காமல் மடக்கிப் பைக்குள் போடுகிறோமே, அதுதான் கெடுக்கிறது. நேர்க்கத்தியில் பட்ட ஈரம் காற்றில் உலர்ந்துவிடும். மடக்குக் கத்தி தன் ஈரத்தைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். அலகுக்கும் பிடிக்குள் இருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான். அந்த இடுக்கில் நுழைந்த தண்ணீர் தானாக வெளியே வராது, காற்றும் சரியாக உள்ளே போகாது. துருவுக்கு இதைவிட வசதியான வீடு வேறு கிடையாது.

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கீழே போடி, மலையின் மழை மறைவுப் பக்கம். வெயிலும் வியர்வையும்தான் அங்கே. மேலே, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் மூடுபனி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமிருந்து ஏறி வரும். அக்டோபரில் வடகிழக்கு மழை தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரும். மெட்டில் நிற்கிறவருக்கு இரண்டும் உண்டு. விடியலில் கீழே சட்டைப்பையில் வியர்வை உப்பு ஏறிய கத்தி, ஜீப் மேலே போய்ச் சேர்ந்ததும் ஈரக்காற்றைச் சந்திக்கிறது.

“எங்கிட்ட இருக்கறது ஸ்டெயின்லெஸ்ஸாச்சே” என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் வியர்வை உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். காற்று புகாத இடுக்கில் அது மறுபடி வளர ஆக்சிஜனும் போதாது. அதனால்தான் வெளியே பளபளவென்று இருக்கிற கத்தியைத் திறந்தால், ஆணியைச் சுற்றி மட்டும் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன.

ஏலத்தோட்டத்தில் பெரிய வெட்டுக்குக் கவாத்துக் கத்தியும் அரிவாளும் இருக்கின்றன. ஏலக்காயைக் கையால்தான் கிள்ளி எடுப்பார்கள், அங்கே கத்திக்கு வேலை இல்லை. மடக்குக் கத்திக்கு உரியவை சில்லறை வேலைகள். சாக்கின் சணல் முடிச்சை அறுக்க, சொட்டுநீர்க் குழாயை அளவு வெட்ட, மிளகுக்கொடியை மரத்தோடு கட்டிய கயிற்றை எடுக்க, உர மூட்டையின் தையலைப் பிரிக்க, மத்தியானம் ஒரு மாம்பழத்தை அரிய. கீழே மாந்தோப்பில் கன்று ஒட்டுகிறவர்களின் ஒட்டுக்கத்தியிலும் மடங்கும் வகை உண்டு. சில்லறை வேலை என்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காததால் சீக்கிரம் கெடுகிறது.

மெட்டில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் தன் கத்தியை எடுத்து வைத்து, “அண்ணே, இதத் தூக்கிப் போட்டுறலாமா?” என்று கேட்டார். திறக்க இரண்டு கையும் பல்லைக் கடிப்பதும் தேவைப்பட்டன. திறந்தால் அலகு ஆடியது. முனை அரை சென்டிமீட்டர் போயிருந்தது. வாயில் நாலைந்து பொக்கை. உள்ளே செம்மண், பிசின், துரு. பார்த்தால் குப்பைக்குப் போகிற பொருள்தான். ஆனால் மடக்குக் கத்திக்கு வருகிற கோளாறுகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே சரிசெய்யக்கூடியவை. அந்த ஒன்று இந்தக் கத்தியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டீ வரட்டும், அதற்குள் பார்த்துவிடலாம்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

எந்த மடக்குக் கத்தியிலும் உறுப்புகள் கொஞ்சம்தான். அலகு, அதன் அடிக்கட்டை, அடிக்கட்டையின் நடுவே போகும் ஆணி, இரண்டு பக்கமும் தகடு, தகட்டின் மேல் பிடி. திறந்த அலகைத் திறந்தபடி நிறுத்துகிற ஏற்பாடுதான் கத்திக்குக் கத்தி மாறும்.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய வகையில் பூட்டே கிடையாது. முதுகிலுள்ள வில் பட்டை அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பிரான்சின் சவுவா மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955-இல் ஒரு வளையப் பூட்டு வந்தது. கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியில் முதுகுப் பக்கம் நெம்பி விடுவிக்கிற பூட்டு. சினிமா வில்லன்கள் கையில் பெயர் கெட்டுப்போன அந்தக் கத்திக்கு, 2023-இல் ராம்பூரில் 20 அடி நீளத்தில் சிலையே வைத்துவிட்டார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பல மடக்குக் கத்திகளில் உள்தகடே ஒரு பக்கம் வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இனிச் சோதனை. கத்தியைத் திறந்து, அலகின் முதுகை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. இது சின்ன விஷயம். அடுத்து, அலகை மடக்கும் திசையில் மெல்ல அழுத்துங்கள். மேலும் கீழுமாக ஆடினால் தேய்ந்திருப்பது பூட்டு. கடைசியாக, விரல் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு பலகையில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு விட்டுக்கொடுத்து அலகு மடங்க வந்தால், அந்தக் கத்தியை வைத்து வேலை செய்யக்கூடாது. வீட்டில் சரிசெய்யக்கூடாத அந்த ஒன்று இதுதான். பூட்டின் முகத்தை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். மயிரளவு கூடுதலாக ராவினால் பூட்டு மொத்தமாகப் போய்விடும், போவது தெரியாமல் போகும். தெரியவரும்போது விரலில் தையல் போட்டிருப்பார்கள்.

தம்பியின் கத்தி பக்கவாட்டில்தான் ஆடியது. பூட்டு கெட்டியாக நின்றது. அப்படியென்றால் பிழைத்துக்கொள்ளும்.

எண்ணெய்க்கு முன் சோப்பு

இறுகிப்போன கத்தியைப் பார்த்ததும் கை எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். பொறுங்கள். உள்ளே மணலும் துருத்தூளும் இருக்கும்போது எண்ணெய் விட்டால், அந்தக் கலவை உலோகத்தைத் தேய்க்கிற பசையாகிவிடும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஆணியையும் அடிக்கட்டையையும் அது தின்னும்.

முதலில் அலகின் வாயில் ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள். பழுதுபார்க்கும்போது கையை அறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேயுங்கள். பிரஷ் போகாத இடத்துக்கு ஈர்க்குச்சி போகும். மரப்பிடி, கொம்புப்பிடி என்றால் தண்ணீரில் ஊறப்போடாமல் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரப்பிசின், பலாப்பால் போன்றவை சோப்புக்கு மசியாது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் விட்டுவிடும். பிறகு மறுபடி சோப்பு, மறுபடி நல்ல தண்ணீர்.

காய வைப்பதில்தான் அவசரம் கூடாது. அலகைப் பாதி திறந்தபடி, ஆணி கீழே பார்க்க, வெயிலில் வையுங்கள். மழைக்காலத்தில் மெட்டில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அப்போது தலைமுடி உலர்த்தும் கருவியின் காற்று போதும். அடுப்புத் தணலில் மட்டும் காட்ட வேண்டாம். ஏன் என்பது சாணைக்கு வரும்போது புரியும்.

அழுக்குப் போனதும் துரு தெரியும். கறுப்பு, சிவப்பு இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கார்பன் எஃகு அலகில் மாங்காய்ச் சாறு, வாழைச்சாறு, பாக்கு, நீங்கள் குடித்துக்கொண்டிருக்கிற டீயின் டிகாஷன் எது பட்டாலும் கறுக்கும். டீயிலும் வாழைச்சாற்றிலும் இருக்கிற டானின் வகைப் பொருள்கள் இரும்போடு கூடி ஒரு கருநீலப் படலத்தை உண்டாக்குகின்றன. அது அலகுக்குக் கெடுதல் செய்யாது, ஓரளவு காவலும்கூட. பழைய கத்தி கறுத்திருக்கிறது என்று பாலிஷ் போட்டு வெளுக்க வைக்கிறவர்கள் அந்தக் காவலைத்தான் சுரண்டி எடுக்கிறார்கள். சிவப்பாக, பொருக்குப் பொருக்காக இருப்பதுதான் தின்னும் துரு. அதைப் போக்கியாக வேண்டும்.

மேலோட்டமான துருவுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் 600 எண் வாட்டர் பேப்பரும் போதும். அலகின் நீளவாக்கில், ஒரே திசையில் தேயுங்கள். அழுத்தமான துருவுக்கு வீட்டிலிருக்கிற புளியே போதும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே டார்டாரிக் அமிலம் இரும்புத் துருவையும் கரைக்கும். நனைத்த புளியை அலகில் மட்டும் அப்பி, கால் மணி நேரத்தில் கழுவி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள். சோடா, மிச்சமிருக்கும் புளிப்பை முறிக்கும். முழுக் கத்தியையும் வினிகரில் ஊறப்போடுகிற வழக்கம் இருக்கிறது. மடக்குக் கத்திக்கு அது ஆகாது. ஆணி இடுக்கில் நுழைந்த அமிலம் வெளியே வராமல், அடுத்த துருவுக்கு அங்கேயே விதை போட்டுவிடும்.

துரு போன இடத்தில் சின்னக் குழிகள் தெரிந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். குழி மறையும்வரை தேய்த்தால் அலகு மெலிந்துபோகும். குழிக்குள் சிவப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

எந்த எண்ணெய்?

தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன் என்பார்கள். போடியில் அது ஓடும். மெட்டில் ஓடாது. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் ஆணிக்குள் அது மெழுகாக நிற்கும், கத்தி திறக்காது. நல்லெண்ணெய் உறையாது. ஆனால் நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பிசுபிசுக்கும், தூசியை இழுத்துப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் முழுதாக உலர்ந்து கெட்டியாகிற ரகம். மரப்பிடிக்கு அது அருமையான பூச்சு, ஆணிக்கு அதுவே பசை.

ஆணிக்கு ஏற்றது தையல் மெஷின் எண்ணெய். கனிம எண்ணெய் என்பதால் கெடாது, ஒட்டாது, குளிரிலும் ஓடும். பக்கத்துக்கு ஒரு சொட்டு விட்டு, இருபது முப்பது முறை திறந்து மூடி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். முதலில் கறுப்பாக வழியும். அது சுத்தமாகும்வரை இன்னொரு சொட்டு விடலாம். அதே கத்தியால் பழம் நறுக்குவீர்கள் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. டப்பாவில் வருகிற டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் உதவும். சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் அதன் பிறகும் எண்ணெய்ச் சொட்டு தேவைப்படும்.

ஆணியை இறுக்குவது

ஆணி இரண்டு விதம். திருகு ஆணி என்றால் வேலை சுலபம். தலையில் நட்சத்திர வடிவக் குழி இருக்கும். அதற்கு அளவான முனை வேண்டும், டி-6 அல்லது டி-8 பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத முனையை வைத்துத் திருகினால் குழி வழவழவென்று ஆகிவிடும், அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. ஒரு நேரத்தில் அரைக்கால் சுற்று மட்டும் இறுக்கித் திறந்து பாருங்கள். ஆட்டம் நின்று, அலகு தடையில்லாமல் மடங்குகிற இடம் ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துங்கள். திருகு தானே தளர்கிற பழக்கமுள்ளதென்றால், திருகு கழலாமல் பிடிக்கும் நீலத் திரவத்தைப் புரியில் ஊசிமுனையளவு தடவலாம். அது அலகுப் பக்கம் வழிந்தால் கத்தியே ஒட்டிக்கொள்ளும். உத்தரவாதம் இன்னும் முடியாத கத்தி என்றால், முழுதாகக் கழற்றும் முன் அட்டையைப் படித்துவிடுங்கள். கழற்றினால் உத்தரவாதம் இல்லை என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு.

ரிவிட் அடித்த ஆணி என்றால் சுத்தியல் வேண்டும். ஆணியின் ஒரு தலையை இரும்புக் கட்டிமேல் பதிய வைத்து, மறுதலையை உருண்டை முகச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். நடுவில் தட்டாமல் தலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் தலை பரந்து இறுகும். அடிக்கும் முன் அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி வைப்பது பழைய தந்திரம். எவ்வளவு இறுகினாலும் காகிதத்தின் கனமளவு இடைவெளி மிஞ்சும், அதை உருவியதும் அலகு ஓடும். நாலு தட்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். தளர்ந்த ரிவிட்டை இறுக்க ஐந்து நிமிடம் ஆகும். இறுகிப்போனதைத் தளர்த்த அரை நாள் ஆகும்.

உடைந்த முனை

முனை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நெம்புவதுதான். பெயின்ட் டப்பாவின் மூடி, ஜீப்பின் பேட்டரி முனை, எதையாவது நெம்பியிருப்போம். வெட்டுகிற எஃகு கெட்டியானது. கெட்டியானது வளையாமல் ஒடியும்.

புது முனை எடுக்கும்போது நேர்க்கத்திக்கும் மடக்குக் கத்திக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நேர்க்கத்தியில் வாய்ப்பக்கம் தேய்த்து மேலே வளைத்துக் கொண்டுபோனாலும் சரிதான். மடக்குக் கத்தியில் அப்படிச் செய்தால் புது முனை முதுகுப் பக்கம் ஏறி நிற்கும். மடக்கியபின் முதுகுதான் வெளியே பார்த்திருக்கும் என்பதால், அந்த முனை பிடியை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். பைக்குள் கைவிடும்போது குத்தும். ஆகவே வாயைத் தொடாமல் முதுகைத்தான் தேய்க்க வேண்டும். முதுகை முன்பக்கமாகச் சரித்து இறக்கி, உடைந்த இடத்தில் வாயோடு சேர்த்துவிடுங்கள். முனை தாழ்ந்து, மடக்கினால் பிடிக்குள் அடங்கிவிடும். அலகு கொஞ்சம் குட்டையாகும், வேலைக்குக் குறைவிருக்காது.

இதைக் கரடான கல்லில், தண்ணீர் தொட்டுக்கொண்டு, கையாலேயே செய்துவிடலாம். அரை சென்டிமீட்டர் உடைந்த முனைக்கு ஒரு மணி நேரப் பொறுமை போதும். மெஷினில் பிடித்தால் ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் சூடு இருக்கிறதே.

எஃகு அலகை உருவாக்கும்போது பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். கெட்டித்தன்மைக்கும் உடையாத தன்மைக்கும் நடுவே ஒரு சமரசம் அது. சாதாரண கார்பன் எஃகை அதற்கு மேல் மறுபடி சூடாக்கினால் பதம் போய்விடும். எஃகே நிறத்தில் சொல்லிவிடும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலம் வந்த இடத்தில் வாய் மெத்தென்று ஆகியிருக்கும், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. முனையும் வாயும் மெல்லியவை என்பதால் சூடு அங்கே கண்மூடித் திறப்பதற்குள் ஏறும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதில் தப்பில்லை. கை தெரிந்தவர் அலகை ஒரு இழுப்பு இழுத்து எடுத்துவிடுவார், தண்ணீரில் நனைப்பார். பொறி பறக்கப் பறக்க அழுத்திப் பிடிக்கிறவரைக் கண்டால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீலம் பாய்ந்திருந்தால், அந்தப் பகுதி தேய்ந்து தீரும்வரை கையால் கல்லில் இழுப்பதுதான் வழி.

பொக்கையும் கூரும்

வாயில் விழுந்த பொக்கைகளை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சின்னப் பொக்கை ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். சாக்குக் கயிறு சிக்குகிற அளவு பெரிய பொக்கை என்றால் மட்டும், கரட்டுக் கல்லில் வாயைச் செங்குத்தாக நிறுத்தி நாலைந்து இழுப்பு இழுத்து மட்டமாக்கிவிட்டு, இரு பக்கமும் புதிதாகச் சரிவு எடுக்க வேண்டும்.

கல்லுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். இரும்புக் கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் போதும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் 1891-இல் செயற்கை வைரம் செய்யப்போய், கிடைத்த சிலிக்கான் கார்பைடுக்கு வைத்த பெயர்தான் கார்போரண்டம். 1954-இல் முருகப்பா குழுமம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. அந்தப் பெயர் இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் கல்லுக்கே பெயராகிவிட்டது. இந்தக் கல்லில் தண்ணீரும் விடலாம், எண்ணெயும் விடலாம். ஒரு தடவை எண்ணெய் தொட்டுவிட்டால் பிறகு எண்ணெய்தான், தண்ணீர் ஒட்டாது. நடுவில் குழிந்த கல்லைச் சிமென்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து மட்டமாக்கிக்கொள்ளுங்கள்.

தீட்டுவதில் எல்லோரையும் குழப்புவது சாய்வு. டிகிரிக் கணக்கை எதை வைத்து அளப்பது? அலகின் அகலத்தை வைத்து அளக்கலாம். முதுகைக் கல்லிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் ஏறத்தாழ 20 டிகிரி, கால் பங்கு உயர்த்தினால் 15 டிகிரி. இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு ஏழு மில்லிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி வந்துவிடும். தோட்டத்து வேலைக்கு 20 தான் தோது. ஒட்டுக்கத்தி வேறு கணக்கு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கத்தைத் தூக்கித் தீட்டினால் வெட்டு நேராக இறங்காது, ஒட்டும் பிடிக்காது.

சாய்வு சரியா என்று பார்க்க, வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். மை முழுக்கப் போனால் சரி. மேலே மட்டும் போனால் தூக்கியது போதவில்லை, விளிம்பில் மட்டும் போனால் தூக்கியது அதிகம். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும். நகத்தைக் குறுக்கே வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் தடைபடும். அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிறு தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கூர் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் பிசிறு எழும் முன்பே பக்கம் மாற்றுகிறவர்கள். இரு பக்கமும் முடிந்ததும் நைசுப் பக்கத்தில் அழுத்தமில்லாமல் சில இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

கல் கைவசம் இல்லாதபோது பீங்கான் கோப்பையின் அடிவளையம் உதவும். மெருகு பூசாத அந்தச் சொரசொரப்பு நைசுக் கல்லுக்குச் சமானம். டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் அது கிடையாது.

பிடியும் பையும்

மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் திறக்க மறுத்தால் துருதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். இழுத்துப் பிடுங்காமல், உலர்ந்த அறையில் இரண்டு நாள் விட்டாலே தளரும். வருடம்தோறும் இதே கதை என்றால், நன்கு உலர்ந்த கோடையில் பள்ளத்தின் உட்பக்கத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, காய்ந்ததும் தேன்மெழுகு தடவிவிடுங்கள். மழை வந்தாலும் மரம் அவ்வளவு குடிக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிப்பதுண்டு. விரித்துப் போட்டுக் காய வையுங்கள்.

பிடியில் விரிசல் என்றால் இருகலவை எபாக்சிப் பசையை உள்ளே இறங்கவிட்டு, இறுகக் கட்டி ஒரு நாள் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

எடுத்துச் செல்வதிலும் கவனம் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. சின்ன மடக்குக் கத்தி அந்த அளவை எட்டாது. ஆனாலும் மெட்டு இரண்டு மாநில எல்லை, இரண்டு பக்கமும் சோதனைச் சாவடி. கத்தியை இடுப்பில் செருகாமல் கருவிப் பையில் மற்றச் சாமான்களோடு வைத்திருந்தால் கேள்விக்கு வேலையில்லை. மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்காக அனுப்பும் பெட்டிக்குள்தான்.

அன்றாடம்

இவ்வளவு வேலையும் வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அன்றாடத்துக்கு இரண்டு நிமிடம் போதும். வெட்டி முடித்ததும் மடக்கும் முன் சட்டை ஓரத்திலாவது அலகைத் துடைத்துவிடுங்கள். வாய்ப்பக்கமிருந்து துடைத்தால் விரல் போகும், முதுகுப் பக்கமிருந்து பிடித்துத் துடையுங்கள். பழமோ மாங்காயோ வெட்டியிருந்தால் தண்ணீரில் ஒரு அலசு. இரவு வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பாதி திறந்தபடி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், வெயில் காலத்தில் மாதத்துக்கு ஒரு சொட்டு. தோல் உறை இருந்தால் எடுத்துச் செல்ல மட்டும் பயன்படுத்துங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் உறைக்குள் கிடக்கிற கத்தி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

“பூட்டு போச்சுன்னா என்னண்ணே பண்றது?” என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பூட்டு தேய்ந்தது, வில் பட்டை ஒடிந்தது, ஆணித் துளையைச் சுற்றி விரிசல் விட்டது என்றால் மடக்குக் கத்தியாக அதன் காலம் முடிந்தது. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது உதவி ஆகாது. வாங்கியவர் அந்தப் பூட்டை நம்பித்தான் அழுத்துவார். ஆனால் அலகு நல்ல எஃகாக இருந்தால் வீணாக்க வேண்டாம். அரிவாள் அடிக்கிற ஆசாரியிடம் கொண்டுபோனால் ஆணியைத் தட்டி எடுத்து, அடிக்கட்டையை ஒரு மரப்பிடிக்குள் இறக்கி, நிலையான பிடிபோட்டுக் கொடுப்பார். விரிசல் விட்ட பகுதியை மட்டும் அவர் முதலில் வெட்டிவிட வேண்டும். மடங்காது, பைக்குள் அடங்காது. சாக்குக் கட்டை அறுக்கவும் காய் அரியவும் இன்னும் பல வருடம் உழைக்கும். மடிக்க இடுக்கு இல்லாததால் துருவும் அவ்வளவு சீக்கிரம் அண்டாது.